அக்கா பாதியில் நிறுத்திய மாத்திரைகள்

என் அக்காவுக்கு மாத்திரை விழுங்கப் பயம் கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்ததை முழுக்கச் சாப்பிட்டு முடிப்பதுதான் அவளுக்கு ஆகாது. ஒரு வாரத்துக்குக் கொடுத்தால், காய்ச்சல் இறங்கிய அன்றே நிறுத்திவிடுவாள். மிச்சத்தைப் பட்டையோடு மடித்து எடுத்து வைப்பாள். உடம்பு தேறின பிறகு எதற்கு விஷத்தைத் தின்ன வேண்டும் என்பது அவள் கட்சி. இன்னொரு நாள் காய்ச்சல் வந்தால் அந்த மிச்சத்தில் இரண்டைப் போட்டுக்கொள்வாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

அவள் ஏற்காட்டு மலையில் மிஷன் பள்ளி ஒன்றில் ஹாஸ்டல் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். மலைக் குளிரில் பிள்ளைகளுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். ராத்திரி எந்த டாக்டரைத் தேடுவது? தன் கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். விடிந்தால் பிள்ளைகள் எழுந்து பள்ளிக்கூடம் போய்விடும். இப்படியே காலம் போய், ஏற்காட்டில் பாதிப் பேர் அவளைப் பாதி டாக்டர் என்று நம்பினார்கள். மிச்சப் பாதியையும் சேர்த்து அவளே நம்பிக்கொண்டாள். ஓய்வுக்குப் பிறகு அதே மலையில் இருக்கிற மஞ்சக்குட்டை கிராமத்தில் என்னோடு வந்து சேர்ந்தாள். நான் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் ஆகாத தங்கை, புருஷனை இழந்த அக்கா, ஒரு வீடு, ஒரு டிவி. எதைப் பார்ப்பது என்பதிலும் அவள் சொல்தான்.

போன வருஷம் ஜனவரியில், காபி பழம் எடுத்து முடிக்கிற சமயத்தில், அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. வாயுத் தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்துப் பார்த்தாள். கண் மஞ்சளான பிறகுதான் சேலத்தில் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தாள். பித்தப்பையில் கல் இருப்பதாகவும், அதில் ஒன்று நழுவிப் பித்தக்குழாயில் போய் அடைத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்கள். வாய் வழியாகக் கருவியை விட்டு அந்தக் கல்லை எடுத்துவிட்டு, பித்தம் தடையில்லாமல் வடிவதற்காகக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்கிற ஒரு சின்ன பிளாஸ்டிக் குழலை வைத்தார்கள். சில நாள் கழித்துப் பித்தப்பையையும் எடுத்தார்கள்.

வைத்தியம் பார்த்தவர் வயதில் சின்ன டாக்டரம்மா. நிதானமாகப் பேசுவார். வீட்டுக்கு அனுப்பும்போது எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்து, இந்த ஸ்டென்ட் தற்காலிகமானது, மூன்று மாதத்தில் வந்து எடுத்துவிட வேண்டும், விட்டுவைத்தால் உள்ளே அழுக்குக் கட்டி அடைத்துக்கொள்ளும், கிருமி குடியேறும் என்று சொன்னார். அக்கா ரொம்பப் பணிவாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். ஹாஸ்டலுக்குப் பெரிய சிஸ்டர் வந்து போகும்போதும் அப்படித்தான் ஆட்டுவாள்.

மூன்று மாதம் ஆனபோது சீசன் தொடங்கியிருந்தது. டூரிஸ்ட் கூட்டத்தில் மலை இறங்க முடியாது என்றாள். சீசன் முடிந்ததும் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், பழைய பிள்ளைகள் பார்க்க வருவார்கள் என்றாள். அப்புறம் மழை. மழையில் பாதையில் மண் சரியும் என்றாள். அதற்கப்புறம் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடுகிற அன்பியத்தில் அவள் பொறுப்பில் ஜெபக்கூட்டம் இருந்தது. நான் இரண்டு முறை டாக்டரிடம் நேரம் வாங்கினேன். இரண்டு முறையும் எனக்குத் தெரியாமல் அவளே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

இதற்கு நடுவில் குளிர்காய்ச்சல் வந்து வந்து போனது. சாயங்காலம் நடுங்குவாள், போர்த்திக்கொண்டு படுப்பாள், ஒரு மாத்திரை, மறுநாள் ஒரு மாத்திரை, எழுந்துவிடுவாள். கையிருப்பு தீர்ந்ததும் ஒண்டிக்கடை முக்கில் இருக்கிற ஒரு மருந்துக்கடைக்குப் போய் வாங்கி வந்தாள். சீட்டு ஒன்றும் கிடையாது. ஒருநாள் அலுவலகம் விட்டு வரும் வழியில் நானே அந்தக் கடைக்காரரிடம் போய், இனி அவளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏனுங்க, வார்டனம்மாளுக்கு நாஞ் சொல்றதுங்களா? எம் பொண்ணுக்கே அவங்கதானுங்க மாத்திரை குடுத்து வளத்தாங்க."

நான் வீட்டுக்கு வந்து, வயிற்றுக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயை வைத்துக்கொண்டு இப்படிக் காய்ச்சல் வருவது சாதாரணம் இல்லை என்று கத்தினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மலையில் எல்லோருக்கும்தான் குளிர்காய்ச்சல் வருகிறது, அவர்கள் வயிற்றிலெல்லாம் குழாய் இருக்கிறதா என்று கேட்டாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை நடந்துகொண்டிருக்கும்போது, நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு ஆடியது. யாரோ பிள்ளைகள் காலை ஆட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அக்காதான் நடுங்கிக்கொண்டிருந்தாள். பல் தந்தியடித்தது. கையைத் தொட்டால் கொதித்தது. வெளியே வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தபோது கண் இரண்டும் மஞ்சள்.

அதற்குள் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தால் மூன்றே நாளில் மஞ்சள் இறங்கிவிடும் என்று ஒரு அம்மா சொன்னார். இன்னொருவர், தன் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது, பறித்து வருகிறேன் என்று கிளம்பியே விட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கோயில் வாசலில் நின்ற வாடகை ஜீப்பில் அக்காவை ஏற்றி, டிரைவரைப் பூசையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாங்கள் இறங்குகிறோம், உலகம் முழுக்க ஏறி வருகிறது. ஒவ்வொரு வளைவிலும் காரை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறவர்கள், போட்டோ எடுக்கிறவர்கள். ஜீப் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அக்கா என் தோளில் சாய்ந்து ஏதோ முனகிக்கொண்டே வந்தாள். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டாள். எந்தப் பிள்ளைகள் என்றேன். மறுபடியும் அதையே கேட்டாள். அடிவாரம் வந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. அப்போதும் அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் ரொம்ப இறங்கியிருப்பதாகச் சொல்லி நேரே ஐ.சி.யூ.வுக்குக் கொண்டு போனார்கள். ரத்தம் எடுத்து, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் சோதனைக்கு அனுப்பிவிட்டு, உடனே ஊசி மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். அதே டாக்டரம்மா வந்தார். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு, பித்தம் தேங்கி, குழாய் முழுக்கச் சீழ் பிடித்திருக்கிறது, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, அடைப்பை எடுத்து வடிய விட்டால்தான் எந்த மருந்தும் வேலை செய்யும் என்றார். அன்று சாயங்காலமே கருவியை விட்டுப் பழைய ஸ்டென்டை உருவிவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தார்கள். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

வடிந்த பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாள் டாக்டரம்மா அக்காவின் கட்டிலருகே நின்று, இந்த மாதங்களில் என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அக்கா அப்போது கொஞ்சம் தெளிவாக இருந்தாள். கையில் ஊசி, மூக்கில் ஆக்ஸிஜன், கண் இரண்டும் மஞ்சள் கிழங்கு போல.

"ஒண்ணுமே சாப்புடலீங்க டாக்டர்" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காட்டிக் கொடுத்தவளைப் பார்ப்பது போல என்னை ஒரு பார்வை பார்த்தாள். மருந்துப் பெயர்கள் எனக்குத் தெரியாததால், பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் போன் செய்து, அக்காவின் அலமாரியில் இருக்கிற பட்டைகளையெல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். படங்கள் வந்துகொண்டே இருந்தன. இரண்டு மாத்திரை மிச்சமுள்ள பட்டை, ஒன்று மிச்சமுள்ள பட்டை, பெயர் இருந்த பக்கம் கிழிந்துபோனது, யாரோ பிள்ளைக்கு வாங்கிய மருந்துப் பாட்டில். டாக்டரம்மா என் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நடுவில் ஒரு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கல்ச்சர் ரிப்போர்ட் வர இன்னும் ஒரு நாள் ஆகும் என்றார்கள். அந்த ஒரு நாளை ஐ.சி.யூ. வாசலில் இருந்த இரும்பு நாற்காலியில் கழித்தேன். சொன்ன நேரத்துக்கு மட்டும்தான் உள்ளே விட்டார்கள். மதியம் போனபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. "ஊட்டு நெனப்பா கண்ணு? அழுகாத. லீவுக்குப் போலாம்" என்றாள். நான் ஹாஸ்டலுக்குப் புதிதாக வந்த ஏதோ ஒரு பிள்ளை என்று நினைத்துவிட்டாள். என் கையைத் தடவிக் கொடுத்தாள். அவ்வளவு நேரம் அவள் மேலிருந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றேன். நேரமாகிவிட்டது என்று நர்ஸ் வெளியே அனுப்பினார். வெளியே வந்ததும் கோபம் திரும்பி வந்தது. மூன்று மாதம் என்று சொன்னார்களே, ஒரு பஸ் ஏறி வந்திருந்தால் முடிந்திருக்குமே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டரம்மா என்னைத் தன் அறைக்கு அழைத்தார். அக்காவின் ரத்தத்தில் வளர்ந்த கிருமிக்கு எதிராக ஒவ்வொரு மருந்தையும் வைத்துப் பார்த்திருந்தார்கள். அவள் விழுங்கிய எதுவுமே அதை ஒன்றும் செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் ஏற்றிய மருந்தும் செய்யவில்லை.

"மாத்திரையா இருக்கறதுல ஒண்ணும் கேக்கலீங்க. ஊசியில ரெண்டு மூணுதான் கேக்குது. அதுல ஒண்ணை இப்பவே மாத்திட்டேன்."

அக்கா பாதிப் பாதியாகச் சாப்பிட்டதால்தானே இப்படி ஆனது என்று கேட்டேன். ஆமாம் என்று அவர் சொல்ல வேண்டும், அதைக் கொண்டுபோய் அக்கா முன்னால் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் அப்படிச் சொல்லவில்லை. கண்டபடி மாத்திரை சாப்பிட்டதும் காரணம்தான், ஆனால் அது மட்டும்தான் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். உள்ளே இருக்கிற ஸ்டென்டே கிருமிக்கு ஒரு வீடு, இந்த மாதிரிக் கிருமி ஆஸ்பத்திரியிலிருந்தே தொற்றியிருக்கலாம், முதல் தடவை வைத்தியத்தின்போதே வந்திருக்கலாம், ஊரில் நன்றாக இருக்கிறவர்கள் குடலில்கூட இப்போது இருக்கிறது என்றார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் போவதைப் போல எரிச்சல் வேறில்லை. அடுத்த முறை இதே மாதிரி வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். மேஜைமேல் இருந்த காகிதத்தைத் திருப்பி வைத்தார்.

"அடுத்த மொறை வராமப் பாத்துக்கணுங்க. இந்த மருந்தும் கேக்காமப் போச்சுன்னா எங்க கையில பெருசா ஒண்ணும் இல்லீங்க."

மருந்து மாற்றிய பிறகு காய்ச்சல் மெல்ல இறங்கியது. ரத்த அழுத்தம் நிலைக்கு வந்தது. ஐ.சி.யூ.விலிருந்து தனி அறைக்கு மாற்றினார்கள். மற்ற நோயாளிகளுக்குப் பரவக் கூடாது என்பதால் உள்ளே வருகிறவர்கள் கையுறையும் ஏப்ரனும் போட வேண்டும், வெளியே போகும்போது கை கழுவ வேண்டும் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அக்காவுக்கு இது பெரிய அவமானம். தன்னைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா என்று நர்ஸுகளோடு வழக்காடினாள். சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்று எனக்கு உள்ளூர நிம்மதி.

அடுத்த நாள் எங்கள் அன்பியத்துப் பெண்கள் ஒரு வேன் பிடித்து மலையிறங்கி வந்துவிட்டார்கள். ஆரஞ்சுப் பழம், ரொட்டி, தீர்த்தம். எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே போய் அவள் தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டும் என்றார்கள். நர்ஸ் கதவை மறித்துக்கொண்டு நின்றார். நான் நர்ஸ் பக்கம் நின்றேன். ஜெபத்துக்குக் கையுறை எதற்கு என்று ஒரு அம்மா என்னிடம் கோபித்துக்கொண்டார். கடைசியில் வாசலில் நின்றபடியே ஜெபித்தார்கள். போகும்போது அவர்களில் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, கைப்பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "மருமவன் வெளிநாட்டுலருந்து கொண்டாந்ததுங்க. நொம்பப் பவரு. டாக்டருக்குத் தெரியாமக் குடுங்க." அதுவும் ஆன்டிபயாடிக். அதிலும் பாதி தீர்ந்திருந்தது.

அக்காவிடம் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் அவளுக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"பாத்தியா. ஆஸ்பத்திரியிலயே வந்திருக்கலாமாமா. எல்லாத்துக்கும் என்னையே சொல்லிட்டிருந்தியே."

வீட்டுக்கு அனுப்பும்போது மருந்து முடியவில்லை. தினமும் ஒரு வேளை ஊசி, இன்னும் ஒரு வாரத்துக்கு, ஏற்காட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். தினமும் காலையில் அவளை ஜீப்பில் கூட்டிப்போய் ஊரில் இருக்கிற சின்ன கிளினிக்கில் ஊசி போட வைத்துவிட்டு, நான் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போவேன். எஸ்டேட் கணக்குப் பார்க்கிற எங்கள் ரைட்டர் கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார்.

பாதி வாரம் போனதும் நான் பயந்தது நடந்தது. ஜீப் வந்து நிற்கிறது, அக்கா புடவை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். கை நரம்பு வீங்கிவிட்டது, காய்ச்சல் விட்டு எத்தனையோ நாளாகிவிட்டது, பசி எடுக்கிறது, கண் வெள்ளையாகிவிட்டது, இனிப் போதும் என்றாள். கையை நீட்டிக் காட்டினாள். உண்மையாகவே வீங்கித்தான் இருந்தது. முதலில் கெஞ்சினேன். அப்புறம் கத்தினேன். அவள் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நானும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நீ ஐ.சி.யூ.ல என்னைய யாருன்னு நெனச்ச, தெரியுமாக்கா?"

"யாருன்னு?"

"ஆஸ்டல்ல புதுசா வந்த புள்ளைன்னு. அழுகாத, லீவுக்கு ஊட்டுக்குப் போலாம்னு சொன்ன. என்னையத் தெரியல உனக்கு."

அவளுக்கு அது நினைவே இல்லை. நான் பொய் சொல்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். வெளியே ஜீப்காரர் ஹாரன் அடித்தார். அக்கா எழுந்து புடவை மாற்றிக்கொண்டாள். ஊசிக்கு வீங்காத கையை நீட்டினாள். மிச்ச நாளும் அப்படியே போய் வந்தாள், ஒரு நாளும் விடவில்லை.

ஸ்டென்டை எடுக்க வேண்டிய நாள் வந்தபோது, சேலத்தில் நேரம் வாங்கியது அவள்தான். முதல் பஸ்ஸிலேயே போக வேண்டும் என்று விடியும் முன்பே என்னை எழுப்பி உட்கார வைத்தாள். குழாய் சுத்தமாக இருக்கிறது, இனி உள்ளே எதுவும் வைக்கத் தேவையில்லை என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கு மனசிலிருந்து ஒரு பாறை இறங்கியது. அக்கா அவரிடம், நீங்கள் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும், நோயாளிகளிடம் இவ்வளவு மெதுவாகப் பேசினால் யார் கேட்பார்கள் என்று அறிவுரை சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதிலிருந்து இன்னொரு தொல்லை ஆரம்பித்தது. இப்போது அவள் ஊருக்கே ஆன்டிபயாடிக் பற்றிப் பாடம் எடுக்கிறாள். பூசை முடிந்து வருகிறவர்களை நிறுத்திச் சொல்கிறாள். பஸ்ஸில் இருமுகிறவர்களிடம் சொல்கிறாள். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே, ஆரம்பித்தால் சொன்ன நாள்வரை சாப்பிடு, பாதியில் நிறுத்தாதே. எல்லாம் நான் அவளிடம் வருஷக்கணக்காகக் கத்திய வார்த்தைகள். அவளே கண்டுபிடித்தது போலச் சொல்கிறாள். கேட்கிறவர்கள் வார்டனம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போகிறார்கள். நான் சொன்னபோது ஒரு ஆள் கேட்கவில்லை.

சரி, திருந்திவிட்டாள் என்றாவது நினைத்து ஆறுதல் அடையலாம் என்றால், அதுவும் முடியவில்லை. போன மாதம் பனி விழத் தொடங்கியதும் அவளுக்குச் சளி பிடித்தது. தொண்டை கட்டிக்கொண்டது. கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இது வைரஸ் சளி, தானாகவே போய்விடும், ஆவி பிடியுங்கள், வெந்நீர் குடியுங்கள் என்றார். அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஏனுங்க டாக்டர், சின்னதா ஒரு ஆன்டிபயாடிக் எழுதிக் குடுங்க. நாந்தான் முழுசாச் சாப்புடுவனே."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அக்காவின் சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டு, முழங்கையைப் பிடித்து எழுப்பினேன். கதவு வரைக்கும், சின்னதாக ஒன்று எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.